அபர்ணா சென்னின் படங்களை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

கேள்வி: இரவுக்காட்சி

‘மிஸ்டர் அண்ட் மிஸஸ் ஐயர்’ படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தேன். அபர்ணா சென்னின் படங்களில் நான் முழுமையாகப் பார்த்திருப்பது இது ஒன்றுதான். அவரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றைத் தேடிப் படித்தால், ‘சத்யஜித் ராயின் வழிவந்தவர்’ என்றும் ‘பெண்ணிய இயக்குநர்’ என்றும் இரண்டு முத்திரைகள்தாம் திரும்பத் திரும்ப வருகின்றன. இருபது ஆண்டுகள் வங்காளத் திரையுலகில் கதாநாயகியாக இருந்த ஒருவர், யாரிடமும் உதவி இயக்குநராகப் பணியாற்றாமலேயே முதல் படத்தை எடுத்து, அதற்கே சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதையும் பெற்றார் என்றால், அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை அறிய விரும்புகிறேன். அவருடைய படங்களை எந்த வரிசையில் பார்க்கலாம்? மீனாட்சி ஐயர் பாத்திரத்தின் பேச்சும் நடத்தையும் சற்றே கேலிச்சித்திரமாகி விட்டதாக எனக்குத் தோன்றியது. அதைப் பற்றியும் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி: பழைய சுருள்

ராயின் பெயரைத் தவிர்க்க முடியாது என்பது உண்மை; ஆனால் அந்த உறவு குரு சீட உறவாகத் தொடங்கியதன்று. அபர்ணாவின் தந்தை சிதானந்த தாஸ்குப்தா திரை விமர்சகர். 1947இல் ராயுடன் சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தை நிறுவியவர்களுள் ஒருவர். எனவே உலகத் திரைப்படங்களைப் பற்றிய பேச்சு 1945இல் பிறந்த அபர்ணாவுக்கு வீட்டுப் பேச்சாகவே இருந்தது. ‘தீன் கன்யா’வில் (1961) தாகூரின் ‘சமாப்தி’ கதையின் நாயகி மிருண்மயியாக ராய் அவரை அறிமுகப்படுத்தியபோது அவருக்குப் பதினைந்து வயதுதான். பிறகு வந்தவற்றில் மிருணாள் சென்னின் ‘ஆகாஷ் குசும்’ போன்றவை ஒரு பக்கமும், பெரும்பாலும் வணிகப் படங்கள் மறுபக்கமும் இருந்தன. தரமான படங்களைப் பார்த்து வளர்ந்தவர் தாம் மதிக்காத படங்களில் ஆண்டுக்கணக்கில் நடித்துக்கொண்டிருந்தார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை பாதியாவது இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவர் எழுதிய திரைக்கதையைப் படித்த ராய், ஷஷி கபூரை அணுகும்படி சொன்னார்; ஷஷி கபூர் தயாரிக்க, அவருடைய மனைவி ஜெனிஃபர் கெண்டல் நடிக்க, ‘36 சௌரங்கி லேன்’ 1981இல் வெளிவந்தது. சேக்ஸ்பியரைக் கற்பித்து வந்த வயலெட் ஸ்டோன்ஹாம் என்ற வயதான ஆங்கிலோ இந்திய ஆசிரியை, பட்டம் பெற்ற புதிய ஆசிரியை ஒருவர் வந்ததும் இலக்கண வகுப்புக்கு மாற்றப்படுகிறார். பழைய மாணவி ஒருத்தியும் அவளுடைய காதலனும் அவருடைய வீட்டைத் தங்கள் தனிமைக்காகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். அதை அன்பு என்று அவர் நம்புகிறார். திருமணத்திற்குப் பின் அவர்களுக்கு அவர் தேவைப்படுவதில்லை. தாங்கள் ஊரில் இருக்கமாட்டோம் என்று அவர்கள் சொல்லியிருந்தும், கிறிஸ்துமஸ் இரவில் தானே செய்த கேக்குடன் அவர்கள் வீட்டுக்குப் போகிறார். உள்ளே விருந்து நடந்துகொண்டிருப்பதை வெளியில் நின்று பார்க்கிறார். யாரும் அவரைத் திட்டுவதுமில்லை, அவர் கதவைத் தட்டுவதுமில்லை. தெருநாய் ஒன்று பின்தொடர, லியர் மன்னனின் வரிகளைச் சொல்லிக்கொண்டே நடந்து போகிறார். முதல் படத்தில் இந்த அடக்கம் கைகூடியதுதான் வியப்பு. அசோக் மேத்தாவின் ஒளிப்பதிவுக்கும் அந்த ஆண்டு தேசிய விருது கிடைத்தது. முதலில் பார்க்க வேண்டியது இதுவே.

மறுமொழி: தாமரைக்குளம்

முதல் படத்தைப் பற்றி மேலே சொல்லப்பட்டதை ஏற்கிறேன். ஆயினும் ஒரு நடிகை எப்படி இயக்குநரானார் என்ற கேள்விக்கு ‘பரோமா’வே (1984) நேரான விடை என்பது என் கருத்து.

நியூசிலாந்தைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் பிரையன் பிரேக், இந்தியாவின் பருவமழையைப் பற்றி ‘லைஃப்’ இதழுக்காக எடுத்த படத்தொடரில், மழைத்துளிகள் வழியும் முகத்தை அண்ணாந்து நிற்கும் ஒரு பெண்ணின் படம் உலகப் புகழ் பெற்றது. அந்தப் பெண் பதின்ம வயது அபர்ணாதான். அது மழையே அன்று. மொட்டைமாடிக்கு அழைத்துச் சென்று, கிராமத்துப் பெண்ணைப் போலச் சிவப்புச் சேலை உடுத்தச் செய்து, மூக்கில் பச்சைக் கல்லைப் பசையால் ஒட்டி, செடிக்கு நீர் ஊற்றும் பூவாளியால் தலையில் தண்ணீர் ஊற்றினார்கள் என்று அவரே பின்னாளில் விவரித்திருக்கிறார். சேலையோடு பொருந்தும்படி சிவப்புக் கல் வைத்துக்கொள்ளட்டுமா என்று அந்தச் சிறுமி கேட்டதற்குப் புகைப்படக்காரர் மறுத்துவிட்டாராம்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு ‘பரோமா’வைப் பாருங்கள். துர்கா பூசையின்போது ஒரு கூட்டுக்குடும்பத்து இல்லத்தரசி, வெளிநாட்டு இதழ்களுக்குப் படமெடுக்கும் கலைஞனின் கண்ணில் ‘மரபான இந்தியப் பெண்’ ஆகிறாள். இருவருக்கும் உறவு உண்டாகிறது. பின்பு அவன் எடுத்த படம் ‘லைஃப்’ இதழில் அச்சாகி வீட்டுக்கே வந்து சேரும்போது அவளுடைய குடும்பம் உடைகிறது. இதழின் பெயர்கூட மாற்றப்படவில்லை. தான் படம்பிடிக்கப்பட்ட அனுபவத்தைத்தான் அபர்ணா திருப்பிப் படம்பிடித்தார் என்பது என் ஊகமே. ஆனால் வெகுதூரம் போன ஊகம் என்று தோன்றவில்லை. அன்று பார்வையாளர்களைக் கோபப்படுத்தியது அந்த உறவைவிட, தனக்குக் குற்ற உணர்வு எதுவும் இல்லை என்று மருத்துவரிடம் பரோமா அமைதியாகச் சொல்லும் இடம்தான். பரோமாவாக நடித்த ராக்கி அந்த வரியைக் குரலை உயர்த்தாமல் பேசியிருப்பார்.

அதே பத்தாண்டில், 1986 முதல், ‘சானந்தா’ என்ற வங்காளப் பெண்கள் இதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்று 2005 வரை நடத்தினார் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரைப்படங்களுக்கு இடையே நீண்ட இடைவெளி விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுமொழி: மூன்றாம் வரிசை

மீனாட்சியைப் பற்றிய குறையில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பாத்திரத்தில் நடித்த கொங்கணா சென் சர்மாவின் உச்சரிப்பு சில இடங்களில் தேவைக்கு மேல் அழுத்தமாக இருக்கிறது. தமிழ் காதுகளுக்கு அது உறுத்தும். ஆனால் பாத்திரத்தின் நடத்தை கேலிச்சித்திரமன்று. தன்னோடு பயணம் செய்பவன் முஸ்லிம் என்று தெரிந்ததும், அவனுடைய குப்பியிலிருந்து தண்ணீர் குடித்துவிட்டோமே என்றுதான் அவளுக்கு முதலில் பதற்றம் வருகிறது. அதே பெண்தான், கலவரக் கும்பல் பேருந்தில் ஏறிப் பெயர் கேட்கும்போது கைக்குழந்தையை அவனிடம் தந்து, அவனைத் தன் கணவர் என்று சொல்லிக் காப்பாற்றுகிறாள். இந்த இரண்டுக்கும் நடுவே அவள் மனம் மாறியதாக ஒரு காட்சிகூட இல்லை. சாதி ஆசாரம் அப்படியே இருக்க, அதையும் மீறி வாய் ஒரு பொய்யைச் சொல்லிவிடுகிறது; மனம் அதன் பிறகே அந்தப் பொய்யை எட்டிப் பிடிக்கிறது. மீனாட்சியை முதலிலிருந்தே பரந்த மனம் கொண்டவளாகக் காட்டியிருந்தால் இந்தப் படமே இல்லை.

பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்படும் முதிய முஸ்லிம் தம்பதியராக எழுத்தாளர் பீஷ்ம சாஹ்னியும் சுரேகா சிக்ரியும் நடித்திருக்கிறார்கள். அந்த முதியவரைக் காட்டிக்கொடுப்பவர் கொடியவர் அல்லர். தன் உயிருக்கு அஞ்சிய இன்னொரு பயணி. 2002இல் வெளிவந்ததால் குஜராத் கலவரத்தோடு சேர்த்தே இப்படம் பேசப்பட்டது. ஆனால் திரைக்கதை அதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. சிறந்த இயக்குநர், திரைக்கதை, நடிகை ஆகியவற்றுக்கான தேசிய விருதுகளோடு தேசிய ஒருமைப்பாட்டுக்கான நர்கிஸ் தத் விருதையும் பெற்றது.

மறுமொழி: எதிர்க்கரை

பெரும்பாலும் ஆங்கிலப் படங்களையே முன்வைப்பதால் ஒரு மறுப்பைப் பதிவு செய்கிறேன். அவருடைய மிகச் சிறந்த படம் ‘பரோமிதார் ஏக் தின்’ (2000). மாமியார் சனகாவின் ஈமச்சடங்குக்கு, விவாகரத்துப் பெற்று வேறொருவரை மணந்துகொண்ட முன்னாள் மருமகள் வருகிறாள். அந்த வீட்டில் அவளுக்கு இப்போது என்ன உறவுமுறை என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. மூளை முடக்குவாதம் உள்ள மகனுக்குத் தாயான மருமகளும், மனச்சிதைவு நோய் உள்ள மகளுக்குத் தாயான மாமியாரும் அந்த வீட்டின் ஆண்களைத் தாண்டித் தோழிகளாவதுதான் கதை. சனகாவாக நடித்தவர் அபர்ணாவே. மகள் குக்குவாக நடித்த சோஹினி சென்குப்தாவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

‘பெண்ணிய இயக்குநர்’ என்ற முத்திரை எனக்கும் போதவில்லை. ஒரே கூரையின்கீழ் வாழ நேர்ந்தவர்களிடையே, பெயரிட முடியாத உறவுகள் எப்படி உருவாகின்றன என்பதையே அவர் தொடர்ந்து எடுத்திருக்கிறார். வயலெட்டும் அந்தக் காதலர்களும், பொய்க் கணவனும் பொய் மனைவியும், மாமியாரும் முன்னாள் மருமகளும் எல்லாரும் அந்த வகையினரே. கருத்து முன்னால் வந்து நிற்கும் இடங்களில் படம் தளர்ந்துவிடுகிறது. ஊமைப் பெண் ஒருத்தியை ஆலமரத்துக்கு மணமுடிக்கும் ‘சதி’ (1989), ஷபானா ஆஸ்மியின் நடிப்பையும் மீறி, சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் அவசரத்தில் இருக்கிறது. ‘அர்ஷிநகர்’ எனக்குச் சற்றும் ஒட்டவில்லை. ‘கொய்னார் பாக்ஷோ’வில் (2013) சிறுவயதிலேயே விதவையாகி, இறந்த பிறகும் தன் நகைப் பெட்டியை விட்டுக்கொடுக்காத அத்தைப் பேய் பேசும் பேச்சில் உள்ள கூர்மை, பத்துக் கொள்கைப் படங்களுக்கு ஈடாகும், அதை மௌஷ்மி சட்டர்ஜிக்காகவும் பார்க்கலாம்.

என் வரிசை இது: ‘பரோமிதார் ஏக் தின்’, அடுத்து ‘36 சௌரங்கி லேன்’, அதன்பின் ‘பரோமா’. ‘15 பார்க் அவென்யூ’வைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், குக்குவைப் பார்த்த பிறகு, அந்தப் படத்தில் அதே மனச்சிதைவு நோயுள்ள மீத்தி என்ற பாத்திரம் நன்றாகவே விளங்கும்.

மறுமொழி: இரவுக்காட்சி

அனைவருக்கும் நன்றி. ‘பரோமா’வில் தொடங்க முடிவு செய்திருக்கிறேன், அந்தப் பூவாளியைப் படித்த பிறகு வேறெதிலும் தொடங்க மனம் வரவில்லை. எதிர்க்கரை நண்பருக்கு ஒரு கேள்வி: தாமே நடித்து இயக்கும்போது, மற்ற நடிகர்களுக்குக் கொடுக்கும் இடத்தை அவர் சுருக்கிவிடுகிறாரா?

மறுமொழி: எதிர்க்கரை

இல்லை. சனகா படுக்கையில் கிடக்கும் காட்சிகளைக் கவனியுங்கள். பேசுபவர் அவராக இருந்தாலும், அந்தக் காட்சிகள் மருமகளாக நடித்து, கேட்டுக்கொண்டிருக்கும் ரிதுபர்ணா சென்குப்தாவுக்கே சொந்தமானவை.