மறு: கடைத்தெரு ஓட்டல் – எத்தனை அறை என்பதைத் தண்ணீர்தான் சொல்லும்

அஸ்ஸலாமு அலைக்கும். வணக்கம்.

ஊர்க் கடைத்தெருவில் ஓட்டல் கட்ட நம்மிடம் பங்குப் பணம் கேட்டுக் குழுவில் சுற்றிய திட்டக் குறிப்பைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் ‘மாஷா அல்லாஹ்’ போட்டிருக்கிறீர்கள். மீதிப் பேர் கடைத்தெருவே கெட்டது என்கிறீர்கள். கட்டடத்தின் படத்தைப் பார்த்த கண் மூன்றாம் பக்கத்தின் கடைசி வரியைப் பார்க்கவில்லை: ‘நீர் ஆதாரம்: போர்வெல், லாரி.’ 60 அறை, 80 இருக்கை உணவகம், 500 பேர் உட்காரும் மண்டபம் – இத்தனைக்கும் தண்ணீரைப் பற்றி எழுதியது அவ்வளவுதான்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) மூன்று நட்சத்திரம் வரையிலான ஓட்டலுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் வைக்கிறது. அதில் 120 குளிக்க, கழுவ. 60 கழிப்பறைத் தொட்டிக்கு. சலவை, சமையல், பணியாளர் எல்லாம் இதில் சேராது. 60 அறைக்கு 120 பேர் என்றால் 21,600 லிட்டர். உணவகத்துக்கு இருக்கைக்கு 70 வீதம் 5,600. பணியாளர் 50 பேருக்குத் தலைக்கு 45 வீதம் 2,250. கூட்டினால் 29,450. சலவையை வெளியே கொடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். மண்டபத்தில் கல்யாணம் இருந்தால், தலைக்கு 15 லிட்டர் என்று குறைத்துப் போட்டாலும் இன்னும் 7,500 சேரும். பிரியாணி அண்டா கழுவுகிற தண்ணீர் அதில் இல்லை, அதைக் கழுவுகிறவர்களைக் கேட்டால் தெரியும்.

ஆக சாதாரண நாளிலேயே 12,000 லிட்டர் லாரி மூன்று நடை. காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் நாளைப் பார்த்துக் குடம் வரிசை போடுகிற தெருவில், காலை ஏழு மணிக்கு மூன்று லாரி திரும்ப வேண்டும். லாரித் தண்ணீரும் வானத்திலிருந்து வராது. ஊருக்கு மேற்கே யாரோ ஒருவர் தோட்டத்துக் கிணற்றிலிருந்துதான் வரும்.

போர்வெல் போட்டால் என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நம் கடற்கரையில் மணலைத் தோண்டி ஊற்று எடுத்து, கொட்டாங்குச்சியால் மொண்டு குடம் நிரப்பினவர்களுக்கு இதற்குப் பதில் தெரியும். மேலாக மொண்டால் நல்ல தண்ணீர், அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் உப்பு. மழைத் தண்ணீர் இலேசானது, கடல் நீர் கனமானது. கனமானதின் மேல் இலேசானது ஒரு மெல்லிய படலமாக மிதக்கிறது. கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதிப்படி நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், கீழே 40 மீட்டர் வரை நல்ல நீர் இருக்கும். அதையே திருப்பிப் பாருங்கள். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், அடியிலிருக்கும் உப்பு நீர் அந்த இடத்தில் 40 மீட்டர் வரை கூம்பு போல் ஏறி வரும். ஏறிய உப்பு மோட்டாரை நிறுத்திய மறுநாளே இறங்கிவிடாது, ஐப்பசி, கார்த்திகை மழை பலமுறை பெய்து கழுவ வேண்டும். அதற்குள் பக்கத்து வீட்டுக் கிணறுகள் எல்லாம் கரித்திருக்கும்.

அதனால் விளம்பரத்துக்காக எடுக்கும் ஒரு மணி நேரச் சோதனையை ஏற்காதீர்கள். கேட்க வேண்டிய சோதனை இது: ஆனி, ஆடியில், கிணறு மிகவும் வற்றியிருக்கும்போது, குறைந்தது 24 மணி நேரம் விடாமல் இறைத்து, மணிக்கு ஒருமுறை நீர்மட்டமும் மின்கடத்துத் திறனும் குறிக்க வேண்டும். மட்டம் நிலைத்தும் கடத்துத் திறன் ஏறிக்கொண்டே போனால் அடியிலிருந்து உப்பு வருகிறது என்று பொருள். அந்தக் கிணற்றில் தொடர்ந்து எடுக்க முடியாது. எடுத்தே தீர வேண்டுமென்றால் ஆழமான ஒரே போர்வெல் வேண்டாம். ஆழமில்லாத நாலைந்து கிணறு, சிறு மோட்டார், விட்டு விட்டு இறைப்பு. ஊற்று மொண்ட அதே முறைதான், மின்சாரத்தில்.

ஆர்.ஓ. போட்டுக்கொள்வோம் என்பது அடுத்த பதில். உவர்நீரில் 60 விழுக்காடு நல்ல நீராக மீட்டால் நல்ல ஆலை. அப்படியானால் 29,450 லிட்டருக்கு 49,000 லிட்டர் இறைக்க வேண்டும், மிச்சம் கிட்டத்தட்ட 20,000 லிட்டர் முன்னைவிட இரண்டரை மடங்கு உப்போடு தினமும் வெளியே வரும். அதை எங்கே விடுவீர்கள்? வாய்க்காலில் விட்டால் தெரு கேட்கும். நிலத்தில் இறக்கினால் மறுவருடம் அதுவே உங்கள் கிணற்றுக்கு வரும். கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தொட்டியில் விட்டால் அங்கே வேலை செய்கிற நுண்ணுயிர் செத்துப்போகும். திட்டக் குறிப்பில் இதற்கு ஒரு சொல் இல்லை.

மழைநீர் சேமிப்பைப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். செய்யட்டும், சட்டப்படியும் வேண்டும். ஆனால் நம் மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மி.மீ. சொச்சம்தான் மழை. 800 சதுர மீட்டர் மொட்டை மாடியில் விழுவதில் ஐந்தில் நாலு பங்கைப் பிடித்தாலும் ஐந்து லட்சம் லிட்டர். ஓட்டலுக்கு 17 நாள் தாங்கும்.

கழிவுநீர். உபயோகித்ததில் ஏறக்குறைய 85 விழுக்காடு கழிவாக வரும், அதாவது நாளுக்கு 25,000 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத தெரு. செப்டிக் டேங்கும் உறிஞ்சுகுழியும் போட்டால் உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சுவரோடு சுவர் ஒட்டிய வளவில் அந்த இடம் எங்கே? மணல் பூமியில் கழிவு வடிகட்டாமலே ஓடிவிடும் என்பது வேறு. ஆகவே 30,000 லிட்டர் சுத்திகரிப்பு நிலையம் கட்டாயம். அது வரைபடத்தில் தனி இடமாக, லாரி போகிற வழியோடு காட்டப்பட்டிருக்க வேண்டும். ‘பின்னர் அமைக்கப்படும்’ என்றால் அமையாது. சுத்திகரித்த நீரைக் கழிப்பறைத் தொட்டிக்கு அனுப்பத் தனிக் குழாய் போட்டால் நாளுக்கு 7,200 லிட்டர் மிச்சம். சுவர் எழுப்பும்போதே போட வேண்டிய குழாய் இது, பிறகு டைல்ஸை உடைத்துப் போட யாரும் மாட்டார்கள். சமையலறைக்குக் கொழுப்புத் தடுப்புத் தொட்டி தனியாக வேண்டும். நம்மூர்ச் சாப்பாட்டின் எண்ணெய்க்கு அது சின்னதாக இருந்தால் ஒரே மாதத்தில் அடைக்கும். சீசனில் நிறைந்து, மற்ற நாளில் காலியாகக் கிடக்கும் ஓட்டலில் நுண்ணுயிர் பட்டினி கிடந்து சாகும். இரண்டு சிறு தொட்டியாகப் பிரித்துக் கட்டினால் ஒன்றையாவது உயிரோடு வைக்கலாம்.

அனுமதி பற்றி. 20,000 சதுர மீட்டருக்குக் கீழ் என்பதால் சுற்றுச்சூழல் முன் அனுமதி வேண்டாம் என்று அவர்கள் எழுதியது சரிதான். ஆனால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் வேறு. அது கட்டடப் பரப்பைப் பார்க்காது, தூரத்தைப் பார்க்கும். உயர் ஓதக் கோட்டிலிருந்து (கடல் ஏற்றம் எட்டும் மேல் எல்லை) 500 மீட்டருக்குள் மனை இருந்தால் அதற்குள் வரும். ஊர் எல்லைக்குள் கட்டடம் நிறைந்த பகுதி என்றால் ஏற்கெனவே இருக்கும் சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கமாகத்தான் கட்டலாம். ஓட்டல்களுக்கான நிபந்தனையில் 200 மீட்டருக்குள் நிலத்தடி நீரே எடுக்கக் கூடாது. 200க்கும் 500க்கும் இடையில் நிலத்தடி நீர் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஆகவே போர்வெல் என்ற சொல்லுக்கு முன்னால் 1:4000 அளவில், உயர் ஓதக் கோடு குறித்த வரைபடம் வர வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனம் போன்ற அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு தந்ததாக இருக்க வேண்டும். சர்வேயர் நாடா பிடித்து அளந்த காகிதம் செல்லாது.

என் கணக்கில் இந்த மனை 25 அறையைத் தாங்கும், மண்டபம் இல்லாமல்.

– தம்மாம்

---

தம்மாம் காக்கா (அண்ணன்) தண்ணீரைச் சொல்லிவிட்டார்கள். அதே தண்ணீர் கட்டடத்தையும் தின்னும், அதை மட்டும் சேர்க்கிறேன்.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 படி, கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மனையில் போடும் போர்வெல் அதை எப்போதோ தாண்டியிருக்கும். காண்ட்ராக்டர் கலப்பதற்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு நனைப்பதற்குப் போர்வெல்லைத் திறந்துவிடுவார், அதுவும் கெடுதல்தான். உப்பு உள்ளே போனால் கம்பி துருவேறி, பருத்து, மேலே இருக்கும் கான்கிரீட்டைப் பொரித்துத் தள்ளும். பத்து வருடத்தில் பால்கனி அடியில் கம்பி தெரிகிற கட்டடங்கள் எல்லாம் இந்த வகை.

கடலோரத்துக்குக் குறைந்தது எம்-30 வலிமைத் தரக் கான்கிரீட், கன மீட்டருக்கு 320 கிலோ சிமெண்ட், நீர்–சிமெண்ட் விகிதம் 0.45, கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடல். கடல் சாரல் நேராக அடிக்கும் முகப்பு என்றால் எம்-35, 50 மி.மீ. ஒப்பந்தத்தில் எண்ணாக எழுதச் சொல்லுங்கள். ‘தரமான கான்கிரீட்’ என்ற சொல்லுக்கு நீதிமன்றத்திலும் மதிப்பில்லை. கம்பிக்கு அடியில் ஜல்லிக்கல்லை முட்டுக் கொடுப்பதும், கலவை ஓடவில்லை என்று இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவதும் இந்த எண்களை அங்கேயே பொய்யாக்கும். சல்பேட் எதிர்ப்பு சிமெண்ட்தான் கடலோரத்துக்கு என்று ஒரு நம்பிக்கை உண்டு. குளோரைடைத் தடுப்பதில் அது சாதாரண சிமெண்டைவிட மோசம். இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்ட் அல்லது சாம்பல் கலந்த சிமெண்ட் போட்டு, நல்ல தண்ணீரில் கூடுதல் நாள் நனைப்பதே வழி.

அடித்தள பார்க்கிங் வேண்டவே வேண்டாம். 60,000 லிட்டர் நிலத்தடித் தொட்டி ஒன்றே போதும் தலைவலிக்கு: கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறும்போது கழுவுவதற்காகக் காலி செய்தால் 60 டன்னுக்கு மேல் மேல்நோக்கித் தள்ளும். தொட்டியின் எடை அதைவிடக் குறைவென்றால் தொட்டி மிதந்து குழாயெல்லாம் முறியும். அடித்தட்டை வெளியே நீட்டி மண் பாரம் ஏற்ற வேண்டும்.

உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம், முன்னால் குறைந்தது 12 மீட்டர் சாலை கேட்பார்கள். கடைத்தெருவை அளந்துவிட்டு ஆறாவது மாடியைப் பேசலாம்.

– சிங்கப்பூர்

---

இரண்டு காக்காமார்களுக்கும் நன்றி. பணம் கேட்டு வந்த பக்கத்தைப் பற்றி மட்டும் நான்.

‘பங்கு ஒன்றுக்கு 5 லட்சம், மாதம் ஒன்றரை விழுக்காடு உறுதி’ என்று எழுதியிருக்கிறார்கள். பங்கு என்றால் லாபம் உறுதியில்லை. உறுதி என்றால் அது வைப்புத்தொகை. வட்டி இல்லை, லாபப் பங்குதான் என்று பெயர் மாற்றுவதால் மார்க்கத்திலும் மாறாது, சட்டத்திலும் மாறாது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் 2019, தமிழ்நாட்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் 1997 இரண்டும் இதற்காகவே இருப்பவை.

முறையாகச் செய்வதென்றால் தனியார் கம்பெனி. ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு வாங்க அழைக்கக் கூடாது. 600 பேர் இருக்கும் மடற்குழுவில் ‘வாருங்கள்’ என்று போட்டதே தவறு. பெயர் குறித்து, பி.ஏ.எஸ்.-4 படிவத்தில் அழைப்பு வர வேண்டும். பணம் வங்கி வழியாக, தனிக் கணக்கில் போக வேண்டும். 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். தவறினால் அடுத்த 15 நாளில் பணம் திரும்ப வேண்டும், அதற்கும் மேல் போனால் 12 விழுக்காடு வட்டியோடு. ஒதுக்கீட்டு விவரத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும்வரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது. ‘அட்வான்ஸ் கொடுத்து மனையை முடித்துவிட்டோம்’ என்று மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார்களே, எந்தப் பணத்தில் என்று கேளுங்கள்.

சபரில் (வெளிநாட்டில்) இருப்பவர்களுக்கு: உண்டியலில் (வங்கி வழியில்லாத ஹவாலாவில்) அனுப்பி ஊரில் கையில் கொடுத்த பணத்தைப் பங்குப் பணம் என்று எந்தக் காலத்திலும் நிறுவ முடியாது. லாபத்தையும் முதலையும் வெளிநாட்டுக்குத் திரும்ப எடுக்கும் உரிமை வேண்டுமென்றால் என்.ஆர்.இ. கணக்கிலிருந்தோ (வெளிநாட்டு வருமானத்துக்கானது) நேர் வங்கி வழியிலோ அனுப்பி, ஒதுக்கிய 30 நாளுக்குள் கம்பெனி ரிசர்வ் வங்கியிடம் எஃப்.சி.-ஜி.பி.ஆர். (வெளிநாட்டுப் பங்கு முதலீட்டு அறிக்கை) தாக்கல் செய்ததா என்று பார்க்க வேண்டும். என்.ஆர்.ஓ. கணக்குக்கு (இந்திய வருமானத்துக்கானது) வந்து சேரும் பணத்தில் நிதியாண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை வெளியே எடுக்கலாம். நம்மில் யாருக்கும் அந்த வரம்பு இடிக்காது.

மனை எட்டு வாரிசுகளின் பொதுச் சொத்து, ஐந்து பேர் வெளிநாட்டில். அங்கே எழுதிய பவர் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும். கொடுத்தவர் மவுத்தானால் பவரும் போயிற்று. வில்லங்கச் சான்று 30 வருடத்துக்கு எடுங்கள், வக்ஃப் பட்டியலில் சர்வே எண் இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். வில்லங்கத்தில் அது தெரியாமலும் இருக்கலாம்.

வரவு செலவில் ஒரு ஓட்டை. கட்டுமானச் செலவு 10 கோடி என்று போட்டு, காண்ட்ராக்டரின் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யைத் திரும்ப வரும் வரியாகக் காட்டியிருக்கிறார்கள். சொந்தக் கட்டடம் கட்டிய வரிக்கு வரவு கிடையாது. 22 செப்டம்பர் 2025 முதல் 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு வரியே 5 விழுக்காடுதான், அதிலும் உள்ளீட்டு வரவு (வாங்கியதற்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) இல்லை. ஆகவே அந்த 1.8 கோடி செலவுதான். யார் பையிலிருந்து என்பது குறிப்பில் இல்லை.

கம்பெனி பதிவு எண்ணைக் குழுவில் போடச் சொல்லுங்கள். 100 ரூபாய் கட்டினால் அதன் தாக்கல்கள் எல்லாவற்றையும் இணையத்தில் பார்க்கலாம். எண் வந்ததும் நான் எடுத்து அனுப்புகிறேன்.

– ஷார்ஜா