சரக்கு விமானத்தில் பைலட் வேலை: போகலாமா? பறந்தவர்கள் சொல்லுங்கள்

பொருநைக்கரை:

வணக்கம். எனக்கு 29 வயது, ஊர் திருநெல்வேலி. சிபிஎல் (கமர்ஷியல் பைலட் உரிமம்) வாங்கி மூன்று வருடம் ஆகிறது. 200 மணி நேரம் பறந்து, விமானத் துறையைக் கண்காணிக்கும் டிஜிசிஏ நடத்தும் பரீட்சைகளை எல்லாம் எழுதி முடித்துவிட்டு, இப்போது சென்னையில் ஒரு பயிற்சி மையத்தில் வானிலைப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் ஆகிவிட்டது. மகனுக்கு இரண்டு வயது. படிப்புக்கு வாங்கிய கடனுக்காக அப்பாவின் வீட்டுப் பத்திரம் இன்னும் வங்கியில்தான் இருக்கிறது.

போன வாரம் ஒரு சரக்கு விமான நிறுவனம் கோ-பைலட் வேலைக்குக் கூப்பிட்டது. போயிங் 737 விமானம். இன்னொரு பக்கம், பயணிகள் விமான நிறுவனம் ஒன்றில் தேர்வு முடித்துவிட்டுக் காத்திருக்கிறேன். அவர்கள் எப்போது கூப்பிடுவார்கள் என்று சொல்ல ஆளில்லை. வீட்டிலோ, "மூட்டை ஏத்துற பிளேனா? அதுவும் ராத்திரியிலயா?" என்கிறார்கள். பத்து நாளில் பதில் சொல்ல வேண்டும். இதில் பறந்தவர்களும், பறப்பவர்களின் வீட்டில் இருப்பவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

மீனம்பாக்கத்தான்:

தங்கச்சி, நான் 11 வருடம் சரக்கு விமானம் ஓட்டியவன். முதல் நான்கு வருடம் நம் நாட்டுக்குள், பிறகு வளைகுடாவில் ஒரு நிறுவனத்துக்காக 747. "மூட்டை ஏத்துற பிளேன்" என்று என் மாமனாரும்தான் சொன்னார். அதனால் அந்த மூட்டையிலிருந்தே தொடங்குகிறேன்.

இரவு 1 மணிக்கு ராம்ப்பில் (விமானம் நிற்கும் தளத்தில்) போய் நின்றால் பக்கவாட்டில் பெரிய கதவு மேலே தூக்கியபடி திறந்திருக்கும். உள்ளே இருக்கைகள் கிடையாது, தரை முழுக்க உருளைகள். சரக்கை அடுக்கி வலை போட்டு இறுக்கிய பேலட் என்ற தட்டுகளை அதன்மேல் தள்ளிக்கொண்டு போய், ஒவ்வொன்றையும் தரையிலிருக்கும் பூட்டில் மாட்டுவார்கள். பின்பக்கம் முதலில் கனத்துவிட்டால் விமானம் மூக்கைத் தூக்கிக்கொள்ளும். அதனால் எது எங்கே, எந்த வரிசையில் என்று கணக்கு உண்டு. என் முதல் கேப்டன் அந்தக் கணக்கு இருக்கும் லோட் ஷீட்டில் கையெழுத்துப் போடும் முன் டார்ச்சோடு உள்ளே போய், எட்டுகிற பூட்டுகளை எல்லாம் காலால் அழுத்திப் பார்த்துவிட்டு வருவார். 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் 747 சரக்கு விமானம் ஒன்று கிளம்பிய வேகத்திலேயே விழுந்தது. உள்ளே ஏற்றியிருந்த ராணுவ வண்டி கட்டை அறுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்ததுதான் காரணம். ஏழு பேர் போய்விட்டார்கள்.

அப்புறம் நோட்டாக். என்ன அபாயகரமான சரக்கு எந்த இடத்தில் இருக்கிறது என்று கேப்டனிடம் கொடுக்கும் தாள் அது. லித்தியம் அயன் பேட்டரியை மட்டும் தனியாகப் பெட்டியில் அடைத்துப் பயணிகள் விமானத்தில் அனுப்ப 2016 ஏப்ரலிலிருந்து தடை. அதெல்லாம் நம்மிடம்தான் வரும், 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்ற விதியோடு. பெரும்பாலான சரக்கு விமானங்களின் மேல்தளத்தில் தீயை அணைக்கும் வாயு கிடையாது. ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துத் தீக்கு மூச்சு முட்டவைத்தபடியே பக்கத்து ஓடுதளத்துக்குப் போக வேண்டும். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயிலிருந்து கிளம்பிய, யுபிஎஸ் என்ற அமெரிக்கச் சரக்கு நிறுவனத்தின் 747 அப்படித்தான் திரும்பி வரப் பார்த்தது. புகையில் கருவிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டு பைலட்டுகளுமே திரும்பவில்லை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. "பின்னால ஆள் இல்ல, பொறுப்பு கம்மி" என்று நினைத்துக்கொண்டு யாரும் இந்த வேலைக்கு வரக் கூடாது, அவ்வளவுதான்.

சந்தோஷமும் நிறைய உண்டு. நடுராத்திரி வானில் நெரிசல் இல்லை. தரையிலிருந்து வழி சொல்லும் கன்ட்ரோலரே கூப்பிட்டு நேர்வழி கொடுப்பார். கேபின் குழு கிடையாது, சாப்பாட்டை நீங்களே அடுப்பில் சூடு பண்ணிக்கொள்ள வேண்டும். கேப்டனும் நீங்களும் மட்டும் பல மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். நான் தொழில் கற்றுக்கொண்டது அந்தப் பேச்சுகளில்தான். ஒருமுறை ஒருநாள் வயதுக் கோழிக்குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. காக்பிட் கதவைத் தாண்டி "கீச்கீச்" என்று விடியும்வரை சத்தம். அவற்றுக்குக் காற்றும் சூடும் சரியாகப் போகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே பறந்தோம். இறங்கியதும் பெட்டிகளை எடுக்க வந்த பையன் ஒரு குஞ்சை உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். அன்றைக்கு எனக்கு இருந்த நிறைவை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம்: தூக்கம். சம்பளம், விமானம், ஊர் எல்லாம் இதற்குப் பின்னால்தான். இரவு 2 முதல் 6 மணி வரை உடம்பு தன்னால் இறங்கும் நேரம். அந்த நேரத்தில்தான் நாம் விமானத்தை இறக்க வேண்டும். என் மூன்றாவது வருடத்தில், தொடர்ந்து நான்காவது இரவு, காலை 5 மணிக்கு இறங்கிக்கொண்டிருந்தோம். 1,000 அடி வாக்கில் கேப்டன் கேட்டார், "லேண்டிங் கிளியரன்ஸ் வாங்கினோமா?" இறங்க அனுமதி வாங்கியிருந்தோம். கன்ட்ரோலருக்குப் பதில் சொன்னது என் குரல்தான். எனக்கு அது நினைவிலேயே இல்லை. கண் திறந்திருந்தது, கை வேலை செய்தது, ஒரு நிமிடம் மட்டும் காணாமல் போயிருந்தது. நான் உண்மையைச் சொன்னேன். அவர் விமானத்தை மேலே தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றிவந்து தானே இறக்கினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. "முந்தா நாள் பகல்ல எத்தனை மணி நேரம் தூங்கினே?" என்று மட்டும் கேட்டார். மூன்று மணி நேரம்.

அதே 2013இல், ஆகஸ்ட் 14 விடியற்காலை, அமெரிக்காவின் பர்மிங்ஹாமில் யுபிஎஸ் ஏ300 ஓடுதளத்துக்கு முன்னாலேயே விழுந்து இரண்டு பைலட்டுகளும் இறந்தார்கள். காக்பிட் ஒலிப்பதிவில், கிளம்பும் முன் இருவரும் அசதியைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். கோ-பைலட்டின் களைப்பையும் விசாரணை அறிக்கை குறிப்பிட்டது. அமெரிக்கா 2014 ஜனவரியில் கொண்டுவந்த புதிய ஓய்வு விதி பயணிகள் விமானப் பைலட்டுகளுக்குத்தான், சரக்குக்காரர்களைச் சேர்க்கவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. தூக்கம் யாருக்கும் ஒன்றுதானே. நம் டிஜிசிஏ 2025இல் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தியது நல்ல மாற்றம். ஆனாலும் நீங்கள் விதிப் புத்தகத்தோடு நிறுத்தாதீர்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்யும் ஒரு கோ-பைலட்டின் போன மாத ரோஸ்டரை (பணி அட்டவணையை) கேட்டு வாங்கிப் பாருங்கள். தொடர்ந்து எத்தனை இரவு, ஓய்வு எங்கே, வெளியூரில் ஓட்டல் அறை எந்தப் பக்கம் பார்த்தது என்பது வரைக்கும் கேளுங்கள். ஒரு உபாயமும் சொல்கிறேன். ஓட்டல் அலமாரியில் பேன்ட் மாட்டும் கிளிப் ஹேங்கர் இருக்கும். அதை எடுத்துத் திரைச்சீலையின் நடு இடைவெளியைக் கவ்வவிடுங்கள். ஒரு கீற்று வெயில் போதும், தூக்கம் போய்விடும்.

இடது இருக்கை:

நான் பயணிகள் விமானத்தில் இருக்கிறேன். ஒன்று மட்டும். ஏடிபிஎல் என்ற மேல்நிலை பைலட் உரிமத்துக்கு 1,500 மணி நேரம் வேண்டும், அது இல்லாமல் கேப்டன் ஆக முடியாது. உள்நாட்டுச் சரக்கு விமானத்தில் ஓர் இரவுக்கு இரண்டு செக்டார், அதாவது இரண்டு பறப்புதான் வரும், மணி நேரம் மெதுவாகவே சேரும். எங்களிடம் அது வேகமாகச் சேரும்.

எந்த 737 என்றும் கேளுங்கள். 737-800 என்றால் பிற்பாடு ஆகாசா, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் ஓட்டும் 737 மேக்ஸுக்கு மாற வேறுபாட்டுப் பயிற்சி போதும். என் நண்பர் ஒருவர் 757இல் டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டும் தகுதி) எடுத்தார். அருமையான விமானம், ஆனால் அதன் தயாரிப்பு 2004இல் நின்றுவிட்டது. இந்தியாவில் பயணிகள் நிறுவனம் எதுவும் அதை ஓட்டவில்லை. வெளியே வர நினைத்தபோது திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிவிட்டது. பாண்டு, அதாவது வேலையை விடாமல் இருக்க எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தம், எத்தனை வருடம் என்று பாருங்கள். வேலையை விட கோ-பைலட்டுக்கு ஆறு மாத நோட்டீஸ், அதையும் கணக்கில் வையுங்கள்.

கொடிமுல்லை:

என் கணவர் ஒன்பது வருடமாகச் சரக்கு விமானத்தில் இருக்கிறார். வீடு பம்மலில். அவர் காலை 8 மணிக்கு வந்தால் 2 மணி வரை எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடிக்காது. சோறு பானையில் வடிப்பேன். மிக்சியை முந்தின நாள் ராத்திரியே முடித்துவிடுவேன். அழைப்பு மணியின் ஒயரைக் கழற்றியே வைத்திருக்கிறோம். ஆடி மாதம் மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. தெருமுனை அம்மன் கோவிலில் குழாய் கட்டிவிடுவார்கள். அந்த நாலு வாரமும் அவர் குரோம்பேட்டையில் என் தம்பி வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார்.

நல்லதையும் சொல்லணும். 2020 மார்ச் 25 முதல் இரண்டு மாதம் உள்நாட்டுப் பயணிகள் விமானமே பறக்கவில்லை. அவரோடு படித்தவர்கள் சிலர் சம்பளமில்லா விடுப்பில் வீட்டில் இருந்தார்கள். இவர் ஒரு வாரம்கூட ஓயவில்லை. பரிசோதனைக் கருவி, மருந்து, முகக்கவசம் என்று கொண்டுபோய்க்கொண்டே இருந்தார். பிள்ளைகளின் பள்ளி விழாக்களுக்கும் பெரும்பாலும் வந்துவிடுவார், பகல் அவருடையதுதானே.

ஆனால் தங்கச்சி, உன் கேள்வியைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அவர் தூங்க நான் காவல் இருக்கிறேன். நீ தூங்க யார் காவல் இருப்பார்கள்? வீட்டில் இருக்கும் அம்மா பகலில் கதவை மூடிக்கொண்டு படுத்தால் இரண்டு வயதுப் பிள்ளை கதவைத் தட்டத்தான் செய்யும். உன் வீட்டுக்காரரோ, உன் அம்மாவோ, மாமியாரோ, ஒருவர் பெயரை எழுதி வை. அவர் சரி என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போடு. பார்த்துக்கலாம் என்று விட்டுவிடாதே.

தரைப்பணி:

சரக்கு முனையத்தில் லோடிங் பார்க்கிறேன். பெண் பைலட்டுகள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள், யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை. ஆனால் சில ஊர்களில் சரக்குப் பக்கம் பெண்களுக்கான கழிப்பறை கிடையாது. ராத்திரியில் பயணிகள் முனையம் வரை வண்டி பிடித்துப் போக வேண்டும். எந்தெந்த ஊருக்குப் பறப்பீர்கள் என்று கேட்டு, இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள் அக்கா. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

பொருநைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. எட்டு நாள் கழித்து எழுதுகிறேன்.

விமானம் 737-800தான். பாண்டு மூன்று வருடம். மீனம்பாக்கத்தான் அண்ணன் சொன்னபடி ஒரு கோ-பைலட்டின் ரோஸ்டரை வாங்கிப் பார்த்தேன். வாரத்துக்கு மூன்று இரவு, சில வாரம் நான்கு. தொடர்ச்சியாக இரண்டுக்கு மேல் இல்லை. கழிப்பறை பற்றியும் கேட்டேன். இரண்டு ஊர்களில் இல்லை என்று ஒளிக்காமல் சொன்னார்கள்.

கொடிமுல்லை அக்கா, உங்கள் பதிலை என் கணவருக்கு அப்படியே படித்துக் காட்டினேன். அவர் அலுவலகத்தில் பகல் வேலையை விட முடியாது. அம்மாவிடம் பேசினோம். திருநெல்வேலியிலிருந்து கிளம்பி வந்து எங்களோடு இருக்கச் சம்மதித்துவிட்டார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்: முதலில் ஒரு வாரம் ஒத்திகை. ராத்திரி முழுக்க விழித்துப் படித்துவிட்டுக் காலை 8 மணிக்குப் படுத்தேன். முதல் இரண்டு நாள் மூன்று மணி நேரத்துக்கு மேல் தூங்க முடியவில்லை, மகன் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாளிலிருந்து அம்மா அவனைக் காலையிலேயே பூங்காவுக்கும், அங்கிருந்து சித்தி வீட்டுக்கும் கூட்டிப்போனார். நேற்று ஆறு மணி நேரம் தூங்கினேன்.

வியாழக்கிழமை கையெழுத்துப் போடப் போகிறேன். அண்ணா, ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. அந்த நான்காவது இரவில் கிளம்பும் முன்பே "இன்னைக்கு என்னால முடியாது" என்று சொல்ல உங்களுக்கு வாய்ப்பு இருந்ததா? சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

மீனம்பாக்கத்தான்:

வாய்ப்பு இருந்தது. சொல்லப் பயந்தேன். அதற்குப் பிறகு மூன்று முறை சொல்லியிருக்கிறேன், மூன்று முறையும் ஸ்டாண்ட்பையில் இருந்த மாற்று ஆள் வந்து பறந்தார். வியாழக்கிழமை அவர்களிடம் இதையும் கேட்டுவிடுங்கள்: களைப்பு என்று சொன்னால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும், போனை எடுப்பது யார்?