மறு: ஸ்பேனரில் பொறித்த எண் எதன் அளவு? ‘பட்டையிடை’ என்னும் சொல்லை முன்மொழிகிறேன்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

மோட்டார் சைக்கிள் பராமரிப்புக் கையேட்டின் சொற்பட்டியல் நான்கு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறது. போல்ட் தலையில் எதிரெதிராக இருக்கும் இரண்டு பக்கங்களுக்கு நடுவே உள்ள அளவு; ஆங்கிலத்தில் ‘width across flats’. ஸ்பேனரின் மேல் 10, 12, 14 என்று பொறித்திருப்பது. அதற்கு என்ன பெயர் வைப்பது? இதுவரை வந்தவற்றுள் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

> ‘தட்டைகளுக்குக் குறுக்கான அகலம்’ என்பதே ஆங்கில மூலத்தின் பொருளைச் சிதைக்காமல் தருகிறது.

மூலம் தெரிந்தவருக்குத் தருகிறது. தெரியாதவருக்குத் தட்டை என்றால் சோளத்தட்டை, அல்லது தீபாவளிக்குச் சுடும் தட்டை. நட்டின் பக்கத்தைத் தட்டை என்று எந்தப் பட்டறையிலும் சொல்லி நான் கேட்டதில்லை.

> ‘முகவகலம்’ சுருக்கமாக இருக்கிறதே?

சுருக்கம்தான், ஆனால் தவறான அளவைச் சுட்டிவிடும். 10ஆம் எண் ஸ்பேனர் பிடிக்கும் நட்டில் ஒரு முகத்தின் அகலம் ஏறத்தாழ 5.8 மி.மீ. முகவகலம் என்று படித்துவிட்டு ஒரு மாணவர் வெர்னியர் அளவுகோலை எடுத்தால் அதைத்தான் அளப்பார். அவர்மேல் குற்றமில்லை.

நமக்கு வேண்டிய சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ‘ஆறு பட்டை நட்டு’ என்கிறார் மெக்கானிக். வைரத்துக்குப் பட்டை தீட்டுகிறோம். கோயில் தூணை எண்பட்டைத் தூண் என்கிறோம்; மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயிலின் தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும் நடுவில் எண்பட்டையாகவும் இருப்பதைக் கல்வெட்டு, கட்டடக்கலை எழுதுவோர் இந்தச் சொல்லாலேயே விவரிக்கிறார்கள். சமமாகச் செதுக்கிய பக்கம் என்பதற்குத் தமிழில் பட்டையைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆகவே அந்த அளவு ‘பட்டையிடை’. பேச்சோட்டத்தில் சொல்லும்போது ‘பட்டைக்குப் பட்டை 10’ என்றே சொல்லலாம். சுவருக்குச் சுவர், மையத்துக்கு மையம் என்று அளவு சொல்லிப் பழகிய நாக்குக்கு இது தானாக வரும். அதே தலையை மூலைவிட்டமாக அளந்தால் வருவது ‘முனையிடை’: பட்டைக்குப் பட்டை 10 என்றால் முனைக்கு முனை சுமார் 11.5.

இவ்வளவு பிடிவாதம் எதற்கு என்று கேட்கலாம். நல்ல கருவியையும் மோசமான கருவியையும் பிரித்துச் சொல்ல இந்த இரண்டு சொற்களும் இல்லாமல் முடியாது என்பதுதான் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் என் 100 சி.சி. வண்டியில் எஞ்சின் ஆயிலை மாற்ற உட்கார்ந்தேன். வடிகால் போல்ட்டுக்கு 17ஆம் எண். சாலையோரம் வாங்கிய செட்டில் இருந்த ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். ஒரு முறை வழுக்கியது. இரண்டாம் முறை ‘நறுக்’ என்றது. தலையின் ஆறு முனைகளும் மழுங்கி, விரல் வைத்தால் ஏறக்குறைய உருண்டை. தெருமுனைப் பட்டறைக்காரர் ஸ்பேனரை வாங்கிப் பார்த்துவிட்டு, “வாய் விரிந்துவிட்டது” என்றார். வெர்னியர் வைத்தேன். வாயின் அடியில் 17.2, நுனியில் 17.4. அவர் அரத்தை எடுத்து, எதிரெதிர்ப் பட்டைகள் இரண்டை மட்டும் 16க்கு ராவி, நல்ல 16ஆம் எண் ஸ்பேனரைச் செருகிக் கழற்றிக் கொடுத்தார். பட்டையிடை என்றால் என்ன என்பதை அதைவிடத் தெளிவாக யாரும் எனக்குக் காட்டியதில்லை.

அவர் சொன்ன ‘வாய்’ என்பதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். தலையின் அளவு பட்டையிடை, ஸ்பேனரின் அளவு வாய். பொறித்த எண் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டும் மிகச் சரியாக ஒன்றாக இருக்க முடியாது. 10ஆம் எண் ஸ்பேனர் பிடிக்கும் எம்6 போல்ட்டின் தலை 10 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, 9.78 வரை குறையலாம் என்பது பன்னாட்டுத் தர அளவு. வாய் 10ஐவிட ஒரு மயிரிழை கூடுதலாக இருந்தால்தான் உள்ளே போகும். இந்த இடைவெளிக்குப் பட்டறையில் ‘ஆட்டம்’ என்று பெயர். அதை அப்படியே எடுத்துக்கொள்வோம். ஆட்டம் கூடக்கூட வாயின் தாடை, அதாவது அதன் பக்கச் சுவர், பட்டையை விட்டு முனையில் மட்டும் ஊன்றும், முனை நசுங்கும்.

கையேட்டில் ‘கருவி வாங்கும்போது’ என்ற பகுதியை இப்போது நேராக எழுதிவிடலாம். கடைக்குப் போகும்போது புதிய போல்ட் ஒன்றைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். வாயில் செருகி இப்படியும் அப்படியும் அசைத்து ஆட்டத்தைப் பாருங்கள். தாடைகள் இரண்டும் இணையாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். குரோம் வனேடியம் (உறுதியான எஃகு வகை) என்ற பொறிப்பு இருப்பது நல்லது, ஆனால் பொறிப்பு மட்டும் போதாது. சாக்கெட் என்பது தலையை மேலிருந்து மூடிப் பிடிக்கும் குழல்; இறுகிப்போன போல்ட்டுக்குப் பன்னிரு முனைச் சாக்கெட்டை விட அறுமுனைச் சாக்கெட்டே மேல். உள்மூலைகளைச் சற்றுக் குடைந்து, முனையைத் தொடாமல் பட்டையில் பிடிக்கும்படி செய்த சாக்கெட்டுகள் கிடைக்கின்றன. கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். வாயைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூ ஸ்பேனரை வண்டிப் பக்கம் கொண்டுவரவே வேண்டாம்.

பட்டையிடையும் மரையின் (போல்ட் தண்டைச் சுற்றி ஓடும் திருகு வரியின்) விட்டமும் வேறு வேறு என்பதைத் தனிப் பத்தியாக எழுத வேண்டும். எம்6 என்பதில் உள்ள 6 மரையின் விட்டம். அதற்கு ஸ்பேனர் 10. எம்8 போல்ட்டுக்குப் பன்னாட்டுத் தரத்தில் 13, ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் பெரும்பாலும் 12. எம்10க்கு 14, 16, 17 மூன்றும் உண்டு. மரையைப் பார்த்து ஸ்பேனர் எண்ணை ஊகிக்க முடியாது.

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்னும் ஒரு படி கூடுதல். 1841இல் ஜோசப் விட்வொர்த் முன்வைத்த மரைத்தர வழியில் வந்த ஸ்பேனர்களில் பொறித்திருப்பது வாயின் அளவே அல்ல, போல்ட்டின் விட்டம். 1/4 என்று போட்ட விட்வொர்த் ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. அதனால்தான் வாயளவையே பொறித்த அங்குல ஸ்பேனர்களில் ஏ.எஃப். (across flats) என்று இரண்டு எழுத்தைச் சேர்த்தார்கள். நாம் தேடும் சொல்லின் சுருக்கம்தான் அது. தமிழில் ‘ப.இ.’ என்று போடலாம்.

> பட்டை என்றால் மரப்பட்டை, இடுப்புப் பட்டை, திருநீற்றுப் பட்டை. குழப்பாதா?

குழப்பாது ஐயா. நட்டையும் போல்ட்டையும் பற்றிப் பேசும் வரியில் திருநீறு யாருக்கும் நினைவுக்கு வராது. பல பொருள் இருப்பது பழகிய சொல்லின் அடையாளம். பழகாத சொல்லுக்குத்தான் ஒரே பொருள் இருக்கும்.

ஸ்பேனருக்கே தமிழ்ச்சொல் வேண்டும் என்பவர்கள் தனி இழை தொடங்கினால் நன்றி. என் பார்வையில் ஸ்பேனர் நிலைத்துவிட்ட சொல், அதை மாற்றுவதால் யாருக்கும் ஒரு போல்ட்டும் தப்பப்போவதில்லை.

எனக்கு விடை கிடைக்காதது ஒன்று உண்டு. ரிங் ஸ்பேனருக்கு வாய் கிடையாது. தலையை முழுவதும் சுற்றிப் பிடிக்கும் துளைதான் இருக்கிறது. அதை வளையம் என்பதா, கண் என்பதா? பட்டறையில் வேலை செய்பவர்கள் அதற்கு என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். அதுவரை சொற்பட்டியலில் அந்த இடத்தைக் காலியாகவே விட்டுவைக்கிறேன்.