ஷாட்கன் மைக்குக்கு முதலில் எதை வாங்குவது: பிளிம்ப்பா, டெட்கேட்டா, வேறு மைக்கேவா?

புதுக்காது:
வணக்கம் நண்பர்களே. ஒரு குறும்படத்தை சிங்க் சவுண்டில் (நடிக்கும்போதே வசனத்தைப் பதிவுசெய்து) எடுக்கப் போகிறோம். ஷூட்டிங் இல்லாத நாட்களில் ஆறு, காடு, பறவை என்று ஆம்பியன்ஸ் (சூழல் ஒலி) பிடிக்கும் ஆசையும் உண்டு. கையில் இருப்பது 19 மி.மீ. விட்டமுள்ள ஷாட்கன் மைக் (முன்னால் வரும் சத்தத்தைக் குறிவைத்துப் பிடிக்கும் குழல் மைக்), கேபிள் வழியே மைக்குக்கு 48 வோல்ட் பாண்டம் பவர் தரும் ரெக்கார்டர், மைக்கை நீட்டிப் பிடிக்கும் பூம் கம்பு, மைக்கோடு வந்த ஸ்பாஞ்ச் உறை. அறைக்குள் சுத்தமாகப் பதிவாகிறது. வெளியே வந்தால் இலை அசைகிற காற்றுக்கே ‘படபட’ என்று அடிக்கிறது. பூமில் கை நகர்ந்தாலும் கேட்கிறது. இப்போதைக்கு ஒன்றுதான் வாங்க முடியும்: மைக்கை உள்ளே வைக்கும் கூடான பிளிம்ப்பா, மைக் மேல் மாட்டும் ரோம உறையான டெட்கேட்டா? இல்லை, மைக்கையே மாற்றிவிடலாமா?

தடம்4:
டெட்கேட் ஒண்ணு மாட்டுங்க, போதும். மிச்சத்தை எடிட்ல லோ-கட் (அடித்தொனியை வெட்டுற ஃபில்டர்) போட்டு எடுத்துடலாம்.

கம்புக்காரன்:
மைக்கை மாத்தாதீங்க. எவ்வளவு நல்ல ஷாட்கன் வாங்கினாலும் காற்று அதையும் விடாது. திசை பார்த்துக் கேட்கிற மைக் எதுவானாலும் எல்லாத் திசையும் கேட்கிற ஆம்னியைவிடச் சீக்கிரம் காற்றுக்கு மடங்கும். அந்த வகைக்கே அது பிறவிக் குணம்.

நீங்க கேட்கிற ‘படபட’ வெளியில இருக்கிற சத்தமே இல்லை. காற்று மைக்கில மோதிச் சுழலும்போது உள்ளே அதிர்ற மெல்லிய சவ்வான டயாஃப்ரத்தைத் தள்ளுற அழுத்தம். அப்படின்னா மைக்கைச் சுற்றி அசையாத காற்று கொஞ்சம் இருக்கணும். பிளிம்ப் செய்யறது அதைத்தான். கூட்டுக்கும் மைக்குக்கும் நடுவுல இருக்கிற இடைவெளிதான் சரக்கு. மேலே போடுற ரோமம் காற்றோட வேகத்தை உடைக்கறதுக்கு. மைக் மேலேயே இழுத்து மாட்டுற டெட்கேட்டில அந்த இடைவெளி ரொம்பக் குறைவு. இளங்காற்றுக்குத் தாங்கும், திறந்த வெளியில தாங்காது.

லோ-கட் பற்றி தடம்4 சொன்னதுல எனக்கு உடன்பாடில்லை. காற்று ரெக்கார்டரோட ப்ரீஆம்பை (மைக் சிக்னலைப் பெருக்குற பகுதி) தாங்குற அளவைத் தாண்டிக் கிளிப் பண்ணிட்டா வசனமும் சேர்ந்து உடையும். அப்புறம் எடிட்ல 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினாலும் உடைஞ்சது ஒட்டாது. மைக்கில லோ-கட் ஸ்விட்ச் இருந்தா அங்கேயே போட்டுடுங்க.

பிளிம்ப்போட ஷாக் மவுண்ட்டும் (அதிர்வு ஏறாம மைக்கைத் தாங்குற பிடி) உள்ளேயே வரும், உங்க இரண்டாவது தொல்லைக்கும் அதுதான் மருந்து. ஆனா கண்ணை மூடிக்கிட்டு வாங்காதீங்க. ரப்பர் வளையம் வச்சது நாளாக நாளாகத் தளரும், மைக் தொங்கிக் கூட்டைத் தொடும். ரைகோட் கம்பெனியோட லையர் பிடி மாதிரி வளைஞ்ச பிளாஸ்டிக் அப்படித் தளராது. அதிலயும் மைக்கோட எடைக்கு ஏற்ற விறைப்பு பார்க்கணும். லேசான மைக்கை விறைப்பான லையர்ல மாட்டினா அதிர்வு அப்படியே ஏறிடும்.

பலரும் கோட்டை விடறது கேபிள்ல. மைக் ஜம்முன்னு மிதக்கும், அதோட வாலில் விறைப்பான எக்ஸ்எல்ஆர் கேபிள் இழுத்துக்கிட்டு நிற்கும். மவுண்ட் தடுத்ததெல்லாம் அந்த வழியா உள்ளே வரும். கூட்டுக்குள்ளே மெல்லிசா, துவண்டு தொங்குற கேபிள் போடுங்க. மைக்குக்குப் பின்னாடி ஒரு சின்ன வளைவு விட்டு, மவுண்ட்டோட அடிக்கம்பியில கிளிப் பண்ணுங்க. அப்புறம் ஹெட்போன் மாட்டி, கெயினை ஏற்றி, பூமை விரலால தடவிப் பாருங்க. ‘சர்’னு கேட்டா, கேபிளை மட்டும் லேசா தூக்கிப் பிடிக்கச் சொல்லி மறுபடி தடவுங்க. சத்தம் குறைஞ்சா கேபிள்தான் திருடன்.

மைக் குழலோட பக்கத்துல இருக்கிற துளைகளை டேப் போட்டு மூடிடாதீங்க, மைக் திசையை இழந்துடும். ரோமத்தை அப்பப்போ சீவி வைங்க, நாய்க்குச் சீவுற பிரஷ்ஷே போதும். சிக்குப் பிடிச்ச ரோமம் காற்றையும் நிறுத்தாது, ஹை ஃப்ரீக்வென்சியையும் தின்னும். யூனிட்ல சிரிப்பாங்க, சிரிக்கட்டும்.

புதுக்காது:
நன்றி அண்ணா. பிளிம்ப்தான் என்று முடிவாகிவிட்டது. ஆற்றங்கரையில் விடியற்காலை ஈரத்தில் மைக் ‘சடசட’ என்று பொரிகிறதே, அதற்கும் இதுவே போதுமா?

கம்புக்காரன்:
போதாது, அது வேற கதை. சாதாரண கண்டென்சர் மைக்கோட கேப்சூல்ல (மின்னூட்டத்தை வச்சு ஒலியைப் பிடிக்கிற முனை) ஈரம் படிஞ்சா மின்னூட்டம் கசியும், அதுதான் பொரியுது. சென்ஹைசர் எம்கேஹெச் 416 மாதிரி ரேடியோ அதிர்வெண்ல இயங்குற ஆர்எஃப் கண்டென்சர் மைக் ஈரத்துக்கு அசராதுன்னு பேர் வாங்கினது அந்தச் சுற்று வேற மாதிரி இயங்கறதாலதான். உங்க மைக்கை சிலிக்கா ஜெல் போட்ட பெட்டியில வைங்க. ஏசியிலேருந்து வெளியே வந்ததும் பெட்டியைத் திறக்காதீங்க. மூடியே வச்சு வெளிச்சூட்டுக்கு வரவிட்டுத் திறங்க. இல்லாட்டி குளிர்ந்த மைக் மேல உடனே பனி பூக்கும்.

இராப்பூச்சி:
ஆம்பியன்ஸுக்கு மட்டும் ஒரு வார்த்தை. காடு முழுக்க ஷாட்கன்லயே எடுத்தா ஓட்டை வழியா பார்த்த மாதிரி இருக்கும். பின்னாடி வசதிப்பட்டா இரண்டு சின்ன ஆம்னி மைக் வாங்குங்க, அவை காற்றையும் ஓரளவு தாங்கும். எதுல எடுத்தாலும் ஸ்டாண்டில் வச்சு ரெக்கார்டை அழுத்திட்டு நீங்க தள்ளிப் போயிடுங்க. சட்டை உரசறது கூட விழும்.

கம்புக்காரன்:
இராப்பூச்சி சொல்றது சரி. புதுக்காது, ஆர்டர் போடறதுக்கு முன்னாடி பிளிம்ப்போட உள்நீளம் உங்க மைக்குக்குச் சரியான்னு அளந்து பாருங்க, கனெக்டரையும் சேர்த்து. பூம் முனையில பெரும்பாலும் 3/8 அங்குல மரைதான் இருக்கும், மைக் ஸ்டாண்டில 5/8 அங்குலமும் வரும். இரண்டுக்கும் ஆகிற அடாப்டர் ஒண்ணு பையில கிடக்கட்டும்.