சோலாரில் ஸ்கூட்டர்: அந்த நாலு மணி நேரம்

தோவாளைக்காரன்:
"குமரி மாவட்டத்தில் சோலாரில் ஸ்கூட்டர் சார்ஜ் செய்வதெல்லாம் படம் காட்டும் வேலை. வருஷத்தில் பாதி மழை, மீதி நாள் பகலில் வண்டி ரோட்டில் நிற்கும்." நேற்று தக்கலை இன்வெர்ட்டர் அண்ணாச்சி எழுதியது இது. படித்ததிலிருந்து பொறுக்கவில்லை. நான் 14 மாதமாக ஓட்டுகிறேன். லைசென்ஸ் தேவைப்படாத 250 வாட் வண்டி, 48 வோல்ட், 24 ஆம்பியர்-அவர் பேட்டரி. மாடியில் ஒரே ஒரு 540 வாட் பேனல். விடிவதற்கு முன்னால் பூச்சந்தைக்குப் போனால் ஒன்பதரைக்கு வீடு. பத்து மணிக்கு மாட்டினால் இரண்டு மணிக்கு நிறைந்துவிடுகிறது. நாலு மணி நேரம், அவ்வளவுதான். பகலில் வண்டி ரோட்டில் நிற்பது ஆபீஸ் போகிறவர்களுக்கு. பூ வியாபாரிக்கும் ரப்பர் பால் வெட்டுகிறவருக்கும் வெயில் ஏறும்போது வண்டி வீட்டில்தான் நிற்கும்.

தக்கலை இன்வெர்ட்டர்:
நாலு மணி நேரமா? 19 வருஷமாக பேட்டரித் தொழிலில் இருக்கிறேன். இந்த மாதிரி வண்டியோடு வரும் சார்ஜர் 3 ஆம்பியர். 24-ஐ 3-ஆல் வகுத்துப் பாருங்கள், எட்டு மணி நேரம். அதுவும் லெட் ஆசிட் (ஈய-அமில) பேட்டரி என்றால் கடைசி இருபது சதவீதம் நொண்டி நொண்டித்தான் ஏறும். சுவர் பிளக்கிலேயே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது, உங்கள் வெயிலுக்கு மட்டும் நாலா?

தோவாளைக்காரன்:
அண்ணாச்சி, நடுவில் அந்த சார்ஜரே கிடையாது. பேனல் தருவது சுமார் 41 வோல்ட். பூஸ்ட் கன்ட்ரோலர் அதை 58 வரை ஏற்றி நேரே பேட்டரிக்குக் கொடுக்கிறது. இன்வெர்ட்டரில் 230 ஆக்கி, திரும்பவும் சார்ஜரில் இறக்கினால் இரண்டு இடத்தில் கரண்ட் சூடாகி வீணாகும். நல்ல வெயிலில் 7 ஆம்பியர் காட்டுகிறது. மீட்டரைத் தினமும் என் கண்ணால் பார்க்கிறேன்.

தக்கலை இன்வெர்ட்டர்:
24 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட்டில் 7 ஆம்பியரை ஏற்றினால் உள்ளே தண்ணீர் வற்றி பேட்டரி வீங்கும். பத்தில் ஒரு பங்கு ஏற்ற வேண்டும், அவசரம் என்றால் ஐந்தில் ஒரு பங்கு. அதாவது 5 ஆம்பியர். நாலு மணி நேரத்துக்கு 20 ஆச்சு. 24 எங்கே? நாலு மணி நேரம் என்று எழுதும் முன் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

அருமனை வாத்தியார்:
ஒரு விளக்கம் வேண்டும். நாலு மணி நேரம் என்பது காலியான பேட்டரியிலிருந்தா, பாதியிலிருந்தா? அப்புறம் நீங்கள் பேசுவது எந்த அளவு ஸ்கூட்டரைப் பற்றி? இவர் வண்டியின் பேட்டரி ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். நம்பர் பிளேட் உள்ள வண்டிகளில் 3 யூனிட் பேட்டரிகூட வருகிறது. இரண்டுக்கும் ஒரே கணக்கா?

தக்கலை இன்வெர்ட்டர்:
வாத்தியாரே, எந்த வண்டியாக இருந்தாலும் நாலு மணி நேரம் நடக்காது. என் பேச்சு அதைப் பற்றித்தான்.

குலசேகரம் ரப்பர்:
தோவாளைக்காரர் தன் மாடியை வைத்து மாவட்டத்துக்கே தீர்ப்பு எழுதுகிறார். எங்கள் பக்கம் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) தொடங்கினால் துணி காய்வதே பெரும்பாடு. போதாததற்குத் தென்னை. தம்பி வீட்டில் பேனல் வைத்தோம். ஒருநாள் பதினொரு மணிக்கு நல்ல வெயில், மீட்டர் 6-லிருந்து 4-க்கு இறங்கிவிட்டது. வயரையெல்லாம் அசைத்துப் பார்த்தோம். அண்ணாந்து பார்த்தால் ஒரு தென்னோலையின் நிழல் பேனல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு விழுந்திருக்கிறது. பேனலுக்குள் செல்கள் மூன்று வரிசைக் கூட்டமாக இருக்கும். ஒரு கூட்டத்தில் நிழல் பட்டால் அந்தக் கூட்டமே படுத்துவிடும். ஓலை அசைய அசைய மீட்டரும் ஏறி இறங்குகிறது. அந்தத் தென்னையை வெட்ட அம்மா சம்மதிக்கவே மாட்டாள்.

தோவாளைக்காரன்:
நிழலில் வைத்துவிட்டுப் பேனலைக் குறை சொன்னால் நான் என்ன செய்வது? எங்கள் பக்கம் கணவாய்க் காற்று, மழை குறைவு. ஆரல்வாய்மொழியில் காற்றாலை சும்மா வைத்தார்களா?

குலசேகரம் ரப்பர்:
இதுதான் உங்கள் ஊர்ப் பேச்சு. 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் மட்டுமா? கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் சேர்ந்ததுதான் மாவட்டம். மழை பெய்கிற பாதியைக் கணக்கில் எடுக்காமல் 'குமரி மாவட்டத்தில் முடியும்' என்று எழுதாதீர்கள்.

தோவாளைக்காரன்:
முடியாது என்று மாவட்டத்துக்கே எழுதியவர் அண்ணாச்சி. அவரை நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையே.

தக்கலை இன்வெர்ட்டர்:
பேச்சை மாற்ற வேண்டாம். நாலு மணி நேரத்துக்குப் பதில் இன்னும் வரவில்லை. வேறொன்றும் சொல்கிறேன். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இந்த வண்டி தினமும் முழுசாக ஏற்றினாலும் ஒன்றரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். அதற்கு ஒரு பேனல், கன்ட்ரோலர், இரும்புச் சட்டம் என்று காசைக் கொட்டுவானேன்? ஆசை இருந்தால் ஒரு கிலோவாட் சோலார் போட்டு மின்வாரிய லைனோடு இணையுங்கள். 2024 பிப்ரவரியில் வந்த மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் உண்டு. ஒற்றைப் பேனலை நேரே பேட்டரியில் மாட்டினால் ஒரு பைசா கிடைக்காது.

தோவாளைக்காரன்:
அந்த 100 யூனிட்டை எங்கள் வீட்டு ஃபிரிட்ஜும் ஃபேனுமே தின்றுவிடும். வண்டிக்கு எங்கே மிச்சம்?

முட்டம் கடற்கரை:
லைனோடு இணைத்தால் லைனில் கரண்ட் போகும்போது அந்த சோலாரும் சேர்ந்து அணைந்துவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிருக்காக அப்படி வைத்திருக்கிறார்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்த பிறகு எங்கள் தெரு எத்தனை நாள் இருட்டில் கிடந்தது என்று எங்களுக்குத்தான் தெரியும். செல்போன் சார்ஜ் போட பக்கத்து ஊர் ஜெனரேட்டரைத் தேடி நடந்தோம். கடலுக்குப் போனவர்கள் திரும்பாத நாள்கள் அவை. ஒரு போன் உயிரோடு இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஒற்றைப் பேனலை இளக்காரமாகப் பேசாதீர்கள். ஆனால் கடலோரத்தில் சாதாரண இரும்புச் சட்டம் போடாதீர்கள், உப்புக்காற்று நட்டைத் தின்றுவிடும். கண்ணாடியில் படியும் உப்பையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

தக்கலை இன்வெர்ட்டர்:
ஒக்கி சமயத்தில் ராத்திரி பகலாக இன்வெர்ட்டர் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

தோவாளைக்காரன்:
போன வருஷம் 150 ஆம்பியர்-அவர் பேட்டரி எட்டு வருஷம் உழைக்கும் என்று எழுதியதும் நீங்கள்தானே அண்ணாச்சி? அதை நம்பி வேறொரு கடையில் வாங்கினேன், மூன்றாம் வருஷத்தைக்கூடப் பார்க்காது போலிருக்கிறது. அப்போது கணக்குத் தாள் எங்கே போனது?

தக்கலை இன்வெர்ட்டர்:
தண்ணீர் ஊற்றாமல் வைத்தால் எந்த பேட்டரியும் சாகும். ஊற்றினீர்களா? அதை எழுதுங்கள். அப்புறம் நாலு மணி நேரத்துக்கு வாருங்கள்.

அருமனை வாத்தியார்:
பாதியிலிருந்தா, காலியிலிருந்தா என்று கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை.

தோவாளைக்காரன்:
சந்தைக்குப் போய் வரும் அளவுக்கு ஓடியபின் ஏற்றுகிறேன் வாத்தியாரே. என் தேவைக்கு நாலு மணி நேரத்தில் நிறைகிறது. நிறைந்தால் நிறைந்ததுதான். நாளைக்கு பத்து மணிக்கு ஒரு படம், இரண்டு மணிக்கு ஒரு படம், மீட்டரோடு போடுகிறேன்.

தக்கலை இன்வெர்ட்டர்:
படம் வேண்டாம். வண்டியைக் கடைக்குக் கொண்டு வாருங்கள். என் மாடியிலும் 540 வாட் பேனல் இருக்கிறது. உங்கள் கன்ட்ரோலரையே மாட்டி, காலியான பேட்டரியில் நாலு மணி நேரம் நானே பக்கத்தில் நின்று பார்க்கிறேன்.

தோவாளைக்காரன்:
தக்கலைக்குப் போகவும் வரவும் 50 கிலோமீட்டர் ஆகும். சந்தை வேலையை விட்டுவிட்டு எதற்கு வர வேண்டும்? நீங்கள் தோவாளைக்கு வாருங்கள், பேனல் இங்கே இருக்கிறது.

தக்கலை இன்வெர்ட்டர்:
வர ஒரு பக்கம் 25 கிலோமீட்டர்தான். வந்ததும் இங்கே நாலு மணி நேரத்தில் நிறையும் என்று சொல்வது நீங்கள்தானே. பிறகு திரும்பிப் போக என்ன பயம்?