அன்றைக்கு எடுத்ததா, பிறகு எடுத்ததா? அமெரிக்க வரலாற்று ஆவணப்படங்களில் மாட்டிய காட்சிகள்

தொடக்கப் பதிவு

டிவியில் அமெரிக்க வரலாற்று ஆவணப்படம் பார்ப்பவர்களுக்கு, ஹவாயில் பேர்ல் ஹார்பர் என்ற அமெரிக்கக் கடற்படைத் துறைமுகத்தை ஜப்பான் தாக்கிய காட்சிகள் மனப்பாடம். அவற்றில் பல, தாக்குதல் நடந்த அன்றைக்கு எடுத்தவையே இல்லை.

1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்குச் சற்று முன் குண்டு விழத் தொடங்கியபோது கேமராவும் கையுமாக அங்கே யாரும் காத்திருக்கவில்லை. மிஞ்சிய அசல் ஃபிலிம் கொஞ்சம்தான். அதில் முக்கியமானது அரிசோனா கப்பல் வெடிக்கும் சில நொடிகள். துறைமுகத்தில் நின்ற சோலஸ் என்ற மருத்துவமனைக் கப்பலிலிருந்து எடுத்தது. திரும்பத் திரும்ப நாம் பார்க்கும் மற்ற பல காட்சிகள், இயக்குநர் ஜான் ஃபோர்டும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டும் கடற்படைக்காக எடுத்து 1943இல் வெளிவந்த 'டிசம்பர் செவன்த்' படத்தில் இருப்பவை. மாதிரிக் கப்பல்கள், நடிக்க வைத்த மாலுமிகள். அரசு எடுத்த படம், காப்புரிமைத் தொல்லை கிடையாது, பார்க்கவும் அசலைவிட விறுவிறுப்பு. கேட்கவா வேண்டும்? பின்னால் வந்தவர்கள் அதிலிருந்து வெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தார்கள்.

நடிக்க வைத்து எடுத்ததைக் கண்டுபிடிக்க முதலில் பார்க்க வேண்டியது கேமரா நின்ற இடம். மாலுமி நம்மை நோக்கி ஓடிவருகிறார், அவருக்குப் பின்னால் சட்டகத்தின் நட்டநடுவில் குண்டு வெடிக்கிறது என்றால், அங்கே வெடிக்கும் என்று கேமராக்காரருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. அடுத்தது தண்ணீர். கப்பலைச் சின்னதாகச் செய்துவிடலாம், நீர்த்துளியைச் சின்னதாக்க வழியில்லை. உண்மையான போர்க்கப்பலின் பக்கத்தில் எழும் நீர் தூரத்திலிருந்து புகை போலத்தான் தெரியும். மாதிரியில் துளி ஒவ்வொன்றும் பீரங்கிக் குழாய் பருமனுக்கு உருண்டு விழும்.

நீங்கள் கண்டதை எழுதுங்கள். எந்தக் காட்சி, எங்கே இடறுகிறது, எப்படிச் சரிபார்ப்பது என்று மட்டும். சொந்தக் கதை வேண்டாம்.

மறுமொழி 1

சத்தத்தை விட்டுட்டீங்களே. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கப் படப்பிடிப்பாளர்கள் கையில் பெரும்பாலும் பெல் அண்ட் ஹவல் கம்பெனியின் ஐமோ இருந்தது. 35 மி.மீ, சாவி கொடுத்து ஓடும் ஸ்பிரிங் கேமரா. உள்ளே போவது 100 அடிச் சுருள். அடிக்கு 16 ஃபிரேம், ஆக 1,600 ஃபிரேம். நொடிக்கு 24 என்று ஓட்டினால் ஒரு நிமிடம் ஆறேழு நொடியில் தீர்ந்துவிடும். ஒலி பதிவே ஆகாது. அதனால் போர்க்களக் காட்சியில் கேட்கும் துப்பாக்கி, விமானம், அலறல் எல்லாமே அனேகமாகப் பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தவை.

இதைப் பிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுவோமே, அதேதான். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வெடிப்பது தெரிந்தால் சத்தம் மூன்று நொடி கழித்து வர வேண்டும். படத்தில் பளிச் என்றவுடனே டமால் என்று கேட்டால் அது ஒலிக்கலைஞரின் கைவேலை. அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஊமைப்படமாக ஒரு மணி நேரம் யார் பார்ப்பார்கள்? சேர்த்ததை ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

மறுமொழி 2

இரண்டாம் உலகப்போருக்கு 80 வருடம் முந்தைய அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு வருவோம். அங்கே புகைப்படம்தான் எல்லாம். கென் பர்ன்ஸின் 'தி சிவில் வார்' (1990, பி.பி.எஸ். என்ற அமெரிக்கப் பொது டிவி, ஒன்பது பகுதிகள், செப்டம்பரில் தொடர்ந்து ஐந்து இரவுகள்) அசையாத படங்களின் மேல் கேமராவை மெல்ல நகர்த்தி, பின்னால் குண்டுச் சத்தம் கொடுத்து, சண்டையையே பார்த்தது போன்ற நினைப்பை உண்டாக்கியது. ஆனால் அந்தப் போரில் சண்டை நடக்கும்போது கிட்டத்தில் எடுத்த படம் இருக்க வாய்ப்பில்லை. காரணம் ஈரத்தகடு முறை. கண்ணாடித் தகட்டைத் துடைத்து, கொலோடியன் கரைசலை ஒரு பக்கம் வழியாமல் பரப்பி, இருட்டில் சில்வர் நைட்ரேட் தொட்டியில் சில நிமிடம் முக்கி, ஈரம் காயும் முன்பே படமெடுத்து, உடனே கூடாரத்துக்குள் ஓடிக் கழுவ வேண்டும். காய்ந்தால் தகடு வீண். ஒளி பட வேண்டிய நேரமோ சில நொடிகள். அசைந்தவன் மங்கிப்போவான், ஓடுபவன் பதியவே மாட்டான். ஆகவே 'ஆண்டீட்டம் போர்' என்று குரல் சொல்லும்போது தெளிவான முகத்தோடு வரிசையில் நிற்கும் வீரர்கள் தெரிந்தால், அது ஏதோ ஒரு முகாமில் நிறுத்தி வைத்து எடுத்தது.

சடலங்களின் படம் மட்டும் களத்திலேயே எடுத்தது, அதுவும் சண்டை ஓய்ந்த பிறகு. அதிலும் ஒரு வில்லங்கம். கெட்டிஸ்பர்க் போர் 1863 ஜூலை 1 முதல் 3 வரை. புகைப்படக்காரர் அலெக்சாண்டர் கார்ட்னரின் குழு அதன் பிறகுதான் அங்கே வந்தது. பாறைச் சுவருக்குள் துப்பாக்கி சாத்திக் கிடக்கும் 'குறிசுடும் வீரன்' படம் பல ஆவணப்படங்களில் வரும். அதே சடலம் சற்றுத் தள்ளி வேறொரு இடத்திலும் கிடப்பதை வில்லியம் ஃப்ராசனீட்டோ என்ற ஆய்வாளர் 1970களில் படங்களை ஒப்பிட்டுக் காட்டினார். படத்துக்காகத் தூக்கி வந்து கிடத்தியிருக்கிறார்கள். அந்தத் துப்பாக்கியும் குறிசுடுவோர் வைத்திருக்கும் வகை இல்லை.

இசையையும் சொல்ல வேண்டும். அந்தத் தொடர் முழுக்க இழையோடும் வயலின் மெட்டைப் போர்க்காலப் பாட்டு என்றே நிறையப் பேர் நம்புகிறார்கள். 'அஷோக்கன் ஃபேர்வெல்', ஜே அங்கர் 1982இல் அமைத்தது. போர் முடிந்து 117 வருடம் கழித்து! முதல் பகுதியில் வரும் சல்லிவன் பல்லு என்ற ராணுவ அதிகாரியின் கடிதமும் (1861 ஜூலை 14) சுருக்கிப் படித்ததே. கடிதத்தை மேற்கோளாக எடுப்பவர்கள் டிவி வடிவத்தை அப்படியே எழுதினால் பல வரிகள் விட்டுப்போகும்.

மறுமொழி 3

இடவல மாற்றத்தையும் கவனியுங்கள். தகரத்தில் நேரடியாக விழும் டின்டைப் படம் கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பித்தான் இருக்கும். பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனின் படம் நல்ல உதாரணம். இடுப்பில் கைத்துப்பாக்கி இடது பக்கம் தெரிவதால் அவனை இடக்கைக்காரன் என்றே வெகுகாலம் எழுதினார்கள், சினிமாவும் எடுத்தார்கள். அவன் ஊன்றி நிற்கும் வின்செஸ்டர் 1873 ரைஃபிள்தான் குட்டை உடைத்தது. அதில் தோட்டா நுழைக்கும் வாய் வலப்பக்கம் மட்டுமே உண்டு. படத்தில் அது இடப்பக்கம் இருக்கிறது. ஆக மொத்தப் படமும் திரும்பியது.

காகிதப் பிரதியிலிருந்து வந்த படத்தைக்கூட, வலப்பக்கம் பார்க்கும் தளபதியை இடப்பக்கம் பார்க்க வைக்க எடிட்டர்கள் புரட்டிப் போடுவதுண்டு. இடுப்புப் பட்டையின் எழுத்து, கோட்டுப் பொத்தான் எந்தப் பக்கம், இந்த இரண்டையும் பாருங்கள். ஆண்கள் கோட்டில் பொத்தான் வலப்பக்கம், துளை இடப்பக்கம்.

மறுமொழி 4

1898இல் அமெரிக்கா ஸ்பெயினோடு நடத்திய போர் வந்தால் இன்னும் உஷாராக இருக்கணும். கியூபாவில் சண்டை என்று காட்டும் துண்டுகளில் எடிசன் கம்பெனி நியூ ஜெர்சியில் நடிக்க வைத்து எடுத்தவை உண்டு. சாந்தியாகோ கடற்போரை விட்டாகிராஃப் கம்பெனி மேசை மேல் தண்ணீர் வைத்து, காகிதத்தில் வெட்டிய கப்பல்களையும் சுருட்டுப் புகையையும் கொண்டு எடுத்ததாக, அதை எடுத்த ஆல்பர்ட் ஸ்மித்தே பின்னாளில் எழுதி வைத்தார்.

பழைய படத்தில் ஆட்கள் குடுகுடுவென்று நடப்பது வேகக் கோளாறு. நொடிக்கு 16 ஃபிரேம் என்று கையால் சுழற்றி எடுத்ததை 24இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். அணிவகுப்புக் காட்சியில் 10 நொடி காலடியை எண்ணுங்கள். 20 வந்தால் சரியான வேகம், 30 வந்தால் அப்படியே ஓட்டிவிட்டார்கள். ஒன்றுவிட்டு ஒன்றாக ஃபிரேமை இரண்டு முறை அச்சிட்டு வேகத்தைக் குறைத்திருந்தால் நடை சரியாகும், ஆனால் லேசாகத் தத்தித் தத்திப் போகும்.

4:3 படத்தை 16:9 டிவிக்காகப் பெரிதாக்கும்போது உயரத்தில் கால்வாசி போய்விடும். தொப்பி இல்லாத ஜெனரல்கள் அப்படி உருவானவர்கள் 🙂

மறுமொழி 5

அதிபர் கென்னடி சுடப்பட்டதை அன்றே டிவியில் காட்டினார்கள் என்று சில தொகுப்புகள் தொனிக்க வைக்கும். அங்கே நின்ற ஜப்ரூடர் என்பவர் எடுத்த 8 மி.மீ ஃபிலிம் 486 ஃபிரேம், சுமார் 26 நொடி. அமெரிக்கா முழுவதும் டிவியில் அது ஓடியது 1975 மார்ச்சில்தான். 1963 நவம்பர் 24 அன்று நேரலையில் மக்கள் பார்த்தது, கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டை ஜாக் ரூபி சுட்டதை.

மறுமொழி 6

படம் அசலாக இருந்து, சொல்லும் பெயர் தப்பாக இருக்கும் சங்கதி இன்னொன்று. ஜப்பானின் இவோ ஜிமா தீவில் 1945 பிப்ரவரி 23 அன்று அமெரிக்க வீரர்கள் கொடி ஏற்றிய காட்சி நடிப்பு என்ற புரளி ஓய்வதேயில்லை. ஜோ ரோசந்தால் புகைப்படம் எடுத்த அதே நேரத்தில், பக்கத்தில் நின்று பில் ஜெனாஸ்ட் 16 மி.மீ வண்ணச் சுருளில் படமாக்கினார். இரண்டையும் பொருத்திப் பார்த்தால் தொடர் அசைவின் ஒரு கணமே அந்தப் புகைப்படம் என்று தெரிந்துவிடும். அன்று ஏற்றிய இரண்டாவது கொடி அது என்பது மட்டும் உண்மை.

பெயர்தான் சிக்கல். 2016இல் மரீன் படை, ஜான் பிராட்லி அந்தப் படத்தில் இல்லை, ஹரோல்ட் ஷுல்ட்ஸ் இருக்கிறார் என்று திருத்தியது. 2019இல் ரெனே கான்யோன் நீங்கி ஹரோல்ட் கெல்லர் வந்தார். ஆகவே 2016க்கு முன் எடுத்த எந்த ஆவணப்படம் கொடி ஏற்றிய ஆறு பேரின் பெயர் சொன்னாலும் அதில் குறைந்தது இரண்டு தப்பு, இடைப்பட்ட மூன்று வருடத்தில் எடுத்ததில் ஒன்று தப்பு. டைட்டில் கார்டின் கடைசியில் ரோமன் எண்ணில் வரும் ஆண்டைப் படித்துவிட்டுக் குறிப்பெடுங்கள். எம்.எம்.எக்ஸ். என்றால் 2010.

மறுமொழி 7

எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டம் பற்றி ஹென்றி ஹாம்ப்டன் எடுத்த 'ஐஸ் ஆன் தி பிரைஸ்' 14 பகுதிகள். 1987இல் ஆறு, 1990இல் எட்டு. உள்ளே இருக்கும் செய்திப்படத் துண்டுகள், புகைப்படங்கள், பாடல்கள் ஒவ்வொன்றுக்கும் தனி உரிமம், அதுவும் காலவரையோடு. 1990களில் அவை காலாவதியானதும் தொடரை ஒளிபரப்பவோ புதிதாக விற்கவோ முடியாமல் போயிற்று. நன்கொடை திரட்டி உரிமங்களைப் புதுப்பித்து, 2006இல்தான் பி.பி.எஸ். மறுபடி காட்டத் தொடங்கியது. இப்படி மீண்டு வரும் படங்களில், பழைய விலைக்குக் கிடைக்காத பாட்டுக்குப் பதில் வேறு பாட்டு, காட்சிக்குப் பதில் வேறு காட்சி வைப்பது வழக்கம். பழைய வீடியோ கேசட்டும் இன்றைய ஸ்ட்ரீமிங் பிரதியும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொடங்கியவரின் பதில்

சரிபார்க்க இடம் கேட்டவர்களுக்கு: உள்நாட்டுப் போர்ப் படங்களுக்கு வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளம். பெரிய டிஃப் கோப்பாகவே இறக்கலாம், பின்னணி மரம், சுவர் வரை ஒப்பிடலாம். ராணுவ ஃபிலிமுக்கு தேசிய ஆவணக் காப்பகம். ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல் கோர் எடுத்தவை பதிவுத் தொகுதி 111இல் இருக்கின்றன. சுருளோடு வரும் விவரத்தாளில் தேதி, இடம், எடுத்தவர் பெயர், ஒவ்வொரு ஷாட்டிலும் என்ன தெரிகிறது என்பது வரை தட்டச்சில் இருக்கும். முதலில் தேதியைப் படியுங்கள், ஷாட் விவரம் பிறகு.