கோல்ஃப் ஃபிட்டிங் (நமக்கேற்ற மட்டை அளவு பார்ப்பது) போனால் முழு செட்டையும் மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வயது 52, உயரம் 5 அடி 4 அங்குலம், வலது கை ஆட்டம். ஞாயிறுதோறும் ஆடுகிறேன். அயர்ன் (இரும்புத் தலை மட்டை) எடுத்தாலே பந்து இடப்பக்கம் ஓடுகிறது. ஒரு கடையில் அரை மணி நேரம் அடிக்கவைத்துவிட்டு, தொலைதூரம் அடிக்கும் டிரைவர் முதல் குழிக்குள் உருட்டும் புட்டர் வரை எல்லா மட்டையும் புதிதாக வாங்கச் சொன்னார்கள். மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய நேரம் இது. என்ன செய்யலாம்?

பதில் 1
அவசரப்படாதீங்க சார். அயர்னின் அடிப்பகுதியைப் பாருங்கள், ஹீல் பக்கம் (தண்டு சேரும் முனை) அதிகம் தேய்ந்திருக்கிறதா? பந்தின் பின்புறம் மார்க்கரால் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு ஃபேஸில் (மட்டையின் அடிக்கும் முகம்) படும்படி அடியுங்கள். பதிந்த கோட்டின் மேல்முனை டோ பக்கம் (ஹீலுக்கு எதிர்முனை) சாய்ந்தால் லை ஆங்கிள், அதாவது தண்டு தரையோடு சேரும் கோணம், உங்களுக்கு அதிகம். உயரம் குறைந்தவர்களுக்கு இது சகஜம், பந்து இடப்பக்கம் போவதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தக் கோணம் குறைய 2 டிகிரி வளைத்துக்கொடுத்தார்கள், அதே பழைய செட்டில்தான் இன்றும் ஆடுகிறேன்.

பதில் 2
வளைக்கும் முன், அயர்ன் ஃபோர்ஜ்டா (அடித்து உருவாக்கியது), காஸ்டா (வார்த்தது) என்று முதலில் பாருங்கள். ஃபோர்ஜ்ட் சுலபமாக வளையும். காஸ்ட் உடையக்கூடும்.

கேட்டவர்
ஹீல் பக்கம்தான் பளபளவென்று தேய்ந்திருக்கிறது! செட் ஃபோர்ஜ்ட். கோடு போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

பதில் 1
நல்லது சார். அப்புறம், அடுத்த முறை ஃபிட்டிங் கட்டணத்தைத் தனியாகக் கொடுத்து, லை, நீளம், ஷாஃப்ட் (தண்டு), கிரிப் (கைப்பிடி) அளவுகளை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இருந்தால் பிறர் பயன்படுத்திய செட்டைக்கூட பொருத்தம் பார்த்து வாங்கலாம்.